கவுன்சிலும் கட்டுமான நிறுவனமும் மோதும் வழக்குகளைப் படிக்க ‘ஃபைண்ட் கேஸ் லா’ எந்த அளவுக்கு உதவும்?

பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகம் 2022 ஏப்ரலில் தொடங்கிய ‘ஃபைண்ட் கேஸ் லா’ இணையச் சேவையில் இங்கிலாந்து, வேல்ஸ் உயர் நீதிமன்றம், மேல்முறையீட்டு நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் ஆகியவற்றின் தீர்ப்புகளைக் கட்டணமோ உறுப்பினர் பதிவோ இல்லாமல் படிக்கலாம். மனைத் திட்டங்களை முன்னிட்டு உள்ளூர் கவுன்சில்களுக்கும் கட்டுமான நிறுவனங்களுக்கும் இடையே நடக்கும் வழக்குகளுக்காகவே நான் இதைப் பயன்படுத்துகிறேன். என் மதிப்பீடும் அந்தத் தேவையோடு நின்றுவிடுகிறது.

படிப்பதற்கு இத்தளம் மிகவும் வசதியானது. பத்திகளுக்கு எண் இருக்கிறது, முழுத் தீர்ப்பையும் பிடிஎஃப் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம், சட்டப் பிரிவுகள் பலவற்றுக்கு அங்கேயே இணைப்பும் உண்டு. ஹில்சைடு பார்க்ஸ் நிறுவனத்துக்கும் ஸ்னோடோனியா தேசியப் பூங்கா ஆணையத்துக்கும் இடையிலான வழக்கை எடுத்துக்கொள்வோம். (அங்கே திட்ட அனுமதி தரும் அதிகாரம் கவுன்சிலிடம் இல்லை, பூங்கா ஆணையத்திடம் இருக்கிறது.) 1967இல் 401 வீடுகளுக்கு அனுமதி கிடைத்தது, அரை நூற்றாண்டு கழிந்தும் எழுந்தவை 41 வீடுகளே, அவையும் மூல வரைபடத்தின்படி அமையவில்லை. எஞ்சியவற்றைப் பழைய அனுமதியைக் கொண்டே கட்டலாம் என்று நிறுவனம் வாதாடியது. அனுமதியில் தெளிவாக வேறுவிதமாகச் சொல்லியிருந்தாலொழிய, முழுத் திட்டத்துக்கென்று தந்த அனுமதியைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பயன்படுத்த முடியாது என்றும், மூல வரைபடத்தை இனி நிறைவேற்றவே வழியில்லாதபடி நிலத்தில் கட்டடங்கள் எழுந்துவிட்ட பிறகு அந்த அனுமதியை நம்பி மேற்கொண்டு கட்ட இயலாது என்றும் உச்ச நீதிமன்றம் 2022 நவம்பரில் தீர்ப்பளித்தது. சட்டம் பயிலாதவரும் பொறுமையாக உட்கார்ந்தால் பின்தொடரக்கூடிய நடையில் அது எழுதப்பட்டிருக்கிறது.

தேடுவதுதான் தொல்லை. கவுன்சிலின் பெயரை மட்டும் இட்டுத் தேடினால் பல வழக்குகள் கைக்கு அகப்படாமல் போகலாம். கவுன்சில் அனுமதி மறுத்ததை எதிர்த்துச் செய்யும் மேல்முறையீட்டில் ஆய்வாளர் தரும் முடிவை ஆறு வாரத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் எதிர்க்கும்போது முதல் எதிர்வாதியாக நிற்பவர் வீட்டுவசதி, உள்ளாட்சித் துறையின் அமைச்சர். கவுன்சில் பெரும்பாலும் அவருக்குப் பின்னால்தான் வருகிறது. அந்தத் துறையின் பெயரோ 2018, 2021, 2024 என்று மாறிக்கொண்டே வந்திருப்பதால், ஒரே வகை வழக்குகள் வெவ்வேறு தலைப்புகளில் சிதறிக் கிடக்கின்றன. இந்தக் குழப்பத்துக்குத் தளத்தைக் குறைசொல்ல முடியாது என்றாலும், பழைய பெயர்களையும் புதிய பெயர்களையும் ஒன்றாகச் சேர்த்துத் தேடும் வசதியைத் தந்திருக்கலாம்.

பெரிய குறை வேறு. கவுன்சில் அனுமதி மறுத்தால் நிறுவனம் முதலில் செல்வது நீதிமன்றத்துக்கு அல்ல, இந்த ஆய்வாளர்கள் பணிபுரியும் அரசு அமைப்பான திட்டமிடல் ஆய்வகத்துக்கு. பெரும்பாலான சச்சரவுகள் அந்தப் படியிலேயே முடிந்துவிடுகின்றன. ஆய்வாளர்களின் முடிவுகள் இத்தளத்தில் இல்லை. அவற்றுக்கு ஆய்வகத்தின் தளத்தையும், மூல வரைபடங்களுக்குக் கவுன்சிலின் தளத்தையும் தனித்தனியே நாட வேண்டும்.

சுவிண்டன் கவுன்சிலுக்கும் டிபி சிமெட்ரி நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில் இந்த இடைவெளி நன்றாகத் தெரிகிறது. திட்ட அனுமதியில் ஒரு நிபந்தனையைச் சேர்ப்பதாலேயே, நிறுவனம் போடும் சாலைகளைப் பொதுச் சாலைகளாக ஒப்படைக்கச் செய்ய முடியுமா என்பதே கேள்வி. ஆய்வாளர் நிறுவனத்தின் பக்கம் நின்றார், அந்த முடிவு இத்தளத்தில் இல்லை. உயர் நீதிமன்றம் 2019இல் கவுன்சிலின் பக்கம் திரும்பியது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டியது. அதற்குத் தனி ஒப்பந்தம் வேண்டும், நிபந்தனை போதாது என்று உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் முடித்துவைத்தது. இன்னொரு சிக்கலும் உண்டு. 2019ஆம் ஆண்டுத் தீர்ப்பை மட்டும் திறந்து படிப்பவருக்கு, அது பின்னர் செல்லாமல் போனதைத் தீர்ப்பின் வாசகம் சொல்லப்போவதில்லை. எனவே எந்தத் தீர்ப்பைப் படித்தாலும், அதே தரப்பினரின் பெயரை மீண்டும் இட்டு, முடிவுகளைத் தேதி வாரியாக அடுக்கி, மேல் நீதிமன்றம் பின்னர் ஏதேனும் சொல்லியிருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.