முதல் மகளிர் கல்லூரிச் சங்கம் எது: பை பீட்டா ஃபையா, காப்பா ஆல்ஃபா தீட்டாவா?

அமெரிக்கக் கல்லூரி மகளிர் சங்கங்களின் (கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்ட மாணவியர் தோழமை அமைப்புகளின்) வரலாற்றை எழுதப் புகுவோர், இவ்விரண்டில் எதை முதலாவதாகக் கொள்வது என்று தயங்குவதுண்டு.

தொடக்கம்:
பை பீட்டா ஃபை, 1867இல் இலினாய் மாநிலத்து மான்மத் கல்லூரி மாணவியர் 12 பேரால் நிறுவப்பட்டது.
தீட்டா, 1870இல் இண்டியானாவின் கிரீன்காசில் நகரில் 4 மாணவியரால் நிறுவப்பட்டது.

பெயர்:
முன்னது 1888 வரை ஐ.சி. சொரோசிஸ் என்றே அறியப்பட்டது.
பின்னது பிறக்கும்போதே கிரேக்க எழுத்துப் பெயர் பூண்டது.

தூண்டுதல்:
முன்னது ஆண்களின் சங்கங்களையே முன்மாதிரியாகக் கொண்டது.
பின்னதன் நிறுவனர் பெட்டி லாக், ஆண்கள் சங்கமொன்றின் சின்னத்தை அணிந்துகொள்ளுமாறு அழைக்கப்பட்டும், முழு உறுப்பினர் உரிமை கிட்டாததால் அதனை மறுத்துத் தமக்கெனத் தனிச் சங்கம் கண்டார். என் பார்வையில் இதுவே சுவையான வரலாறு.

மகளிர் சங்கத்தைக் குறிக்கும் ‘சொராரிட்டி’ என்ற சொல் 1882இல்தான் உருவாக்கப்பட்டது என்பதால், இரண்டும் ஆண்களுக்குரிய ‘ஃபிரட்டர்னிட்டி’ என்ற சொல்லையே தாங்கி நிற்கின்றன.

காலத்தால் மூத்ததைத் தேடுவோருக்கும், 1912இல் டென்னசியின் கேட்லின்பர்க்கில் பள்ளி தொடங்கிய சமூகப்பணியை ஆராய்வோருக்கும் பை பீட்டா ஃபை பொருந்தும். கிரேக்க எழுத்து மரபில் மகளிர் நுழைந்த கதையை எழுதுவோர் தீட்டாவிலிருந்தே தொடங்கலாம்.