பழைய ஓட்டு வீட்டு முற்றத்துக்கு ஆர்டிபிஷியல் கிராஸா, பஃபலோ புல்லா, இன்டர்லாக்கா?

குமரி மாவட்டம் தக்கலைக்கு மேக்க, அப்பா காலத்து ஓட்டு வீடு. வெட்டுக்கல் செவரு, சுண்ணாம்பு பூச்சு, முன்னால 21க்கு 16 அடி முற்றம், ஒரு பக்கம் அயனி மரம், இன்னொரு பக்கம் சக்கை (பலா) மரம். ஆனி ஆடியில ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில இன்னொரு மழைன்னு நமக்கு வருஷத்துல ரெண்டு தடவை பாசி புடிக்கும். 2022 ஐப்பசியில அம்மா கிணத்துக்கு போற வழியில வழுக்கி விழுந்து கை ஒடிஞ்ச பெறகுதான் இனி முற்றத்த இப்படி விட முடியாதுன்னு முடிவு பண்ணி, நாலு மாசம் விசாரிச்சு 2023 மாசியில ஆர்டிபிஷியல் கிராஸ், அதாவது பிளாஸ்டிக் புல்லு போட்டேன். அதனால நான் எந்த பக்கம் சாயுவேன்னு உங்களுக்கே தெரியும், அதையும் மனசுல வச்சுட்டு படிங்க.

இன்டர்லாக், அதாவது ஒண்ணோட ஒண்ணு கோத்து பதிக்கிற சிமென்ட் கல்லு, அத பத்தி ரொம்ப பேச ஒண்ணும் இல்ல. காரு ஏறி எறங்குற எடம்னா அதுதான், மத்த ரெண்டும் அதுக்கு ஆகாது. கேட்ல இருந்து ஷெட் வரைக்கும் நானே இன்டர்லாக்தான் போட்டிருக்கேன். ஆனா மர நெழல்ல உள்ள இன்டர்லாக் ரெண்டாவது மழையிலயே பச்சையாயிரும், நம்ம ஊருல பாத்து பாத்து நடக்காத ஆளு யாரு. அம்மா வழுக்கினதுக்கு மருந்தா இன்னொரு வழுக்கல போட மனசு வரல.

பஃபலோ புல்லு அழகுதான், இல்லன்னு சொல்ல மாட்டேன், மண்ணுக்கும் நல்லது, வீட்டு முன்னால குளுமையா இருக்கும், நெழலையும் மத்த புல்ல விட நல்லா தாங்கும். நல்ல வெயில் விழுற முற்றமும் வாரம் ஒரு நாள் ஒழிவும் உள்ளவங்க வேற எதையும் யோசிக்காம அதையே வைங்க. எனக்கு அயனிக்கு கீழ ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேர வெயிலே பெருசு. சோதனைக்கு ஒரு ஓரமா நட்டு பாத்தேன், கொஞ்ச நாள்லயே பாதி மஞ்சளாகி அழுகிப் போச்சு, மீதி பாதியில கோரை ஏறிருச்சு. பிளாஸ்டிக் புல்லு பேரெடுத்ததே இதே நெழல் பிரச்சினையிலதான்னு பெறகு தெரிஞ்சுது: 1965ல அமெரிக்காவுல ஹூஸ்டன்ல ஆஸ்ட்ரோடோம்னு மொத்தமா கூரை போட்ட ஒரு ஸ்டேடியம் தொறந்தாங்க, ஆடுறவங்களுக்கு கண்ணு கூசுதுன்னு வெளிச்சம் வர்ற கூரைத் தகட்டுக்கு பெயின்ட் அடிச்சாங்க, வெயில் இல்லாம உள்ள இருந்த புல்லு செத்துப் போச்சு, 1966ல அதுக்கு பதிலா விரிச்சதுதான் பிளாஸ்டிக் புல்லு, ஆஸ்ட்ரோடர்ஃப்ங்கிற பேரும் அங்க இருந்து வந்ததுதான். அவங்களுக்கு கூரை, எனக்கு அயனி.

சரி, இப்ப விஷயத்துக்கு வாறேன். கடையில போய் கேட்டா புல்லு உசரம் 25 எம்எம்மா, 35ஆ, 40ஆ, எந்த கலர்னுதான் பேசுவாங்க. அது எல்லாம் ரெண்டாம்பட்சம். பழைய வீட்டுக்கு ஒரே ஒரு கேள்விதான் கேள்வி, புல்லுக்கு அடியில போற தண்ணி எங்க போகும்?

ஏன்னா பழைய செவருல, இப்ப வீடு கட்டும்போது அஸ்திவாரத்துக்கு மேல ஈரம் ஏறாம இருக்க போடுற பெல்ட்டு மாதிரி தடுப்பு எதுவும் கெடையாது. கல்லும் மண்ணும் சுண்ணாம்பும் தண்ணிய உறிஞ்சி மேல ஏத்தும், வெயில் வந்தா வெளிய விட்டு காஞ்சுக்கும். இத்தன வருஷம் அந்த வீடு நின்னதே அப்படித்தான். செவரு ஓரத்துல தண்ணிய தேக்கி, காத்தும் போகாம மூடி வச்சீங்கன்னா ஈரம் வீட்டுக்கு உள்ள வரும், அது பொறத்தால செதலும் வரும், பழைய மர நிலையும் கதவும் அதுக்கு பலகாரம்.

இது நான் சும்மா சொல்றது இல்ல. கருங்கல் ஊருப் பக்கம் அக்கா வீடும் நம்ம மாதிரியே பழைய வீடுதான், நான் போட்ட அதே வருஷம் சித்திரையில அத்தான் ஒரு கடைக்காரர கூப்பிட்டு போட்டாரு. அந்த ஆளு முற்றம் முழுக்க மூணு இஞ்ச் கான்கிரீட் போட்டு, அது மேல பசை தேச்சு புல்ல ஒட்டிட்டு ரெண்டே நாள்ல போயிட்டாரு. பாக்க ஜோரா இருந்துது, நானே பொறாமைப்பட்டேன். அந்த புல்லு பாய்க்கு அடியில தண்ணி எறங்க வரிசையா சின்ன சின்ன ஓட்டை இருக்கும், பசை தேச்சதுல பாதி ஓட்டை அடைஞ்சாச்சு, மீதி ஓட்டை வழியா எறங்குன தண்ணிக்கும் கீழ கான்கிரீட், அதுக்கு சரிவு வீட்ட பாத்து. கார்த்திகையில நான் போனப்ப ஒரு மூலையில புல்ல லேசா பிச்சு தூக்கி பாத்தேன், கருப்பா சளி மாதிரி ஒரு படலம், நடுவுல மண்புழு, ஓடை நாத்தம். உள்ள முன் அறை செவருல முழங்கால் உசரத்துக்கு பூச்சு பொரிஞ்சு வெள்ளையா உப்பு பூத்திருக்கு, கை வச்சா மாவு மாதிரி உதிருது. அத்தான் பெயின்டர திட்டிட்டு இருந்தாரு, பாவம் பெயின்டர்.

அப்ப எப்படி போடணும்னா, மொதல்ல ஒரு அடி ஆழத்துல குழி தோண்டி தண்ணி ஊத்தி பாருங்க. மொத தடவை ஊத்துறது மண்ணு குடிச்சிரும், ரெண்டாவது தடவை ஊத்துறதுக்குதான் நேரம் பாக்கணும். எனக்கு சக்கை மூட்டு, அதாவது மரத்தடிப் பக்கம் இருபது நிமிஷத்துல எறங்கிருச்சு, நல்ல செம்மண் சரளை. கிணத்துப் பக்கம் ரெண்டு மணி நேரம் ஆகியும் பாதி நிக்குது, கீழ களி. அதனால அந்த பக்கம் மட்டும் ஒரு சால் வெட்டி, ஓட்டை போட்ட நாலு இஞ்ச் பிவிசி பைப்பு வச்சு ஜல்லியால மூடி, தென்னை மூட்டுக்கு தண்ணிய திருப்பி விட்டேன்.

பெறகு அஞ்சு இஞ்ச் மண்ண எடுத்துட்டு ஜியோ துணி (தண்ணிய விட்டு மண்ண தடுக்குற துணி) விரிச்சு, முக்கா இஞ்ச் ஜல்லி மூணு இஞ்சுக்கு, அது மேல கால் இஞ்ச் சிப்ஸ் கல்லு ஒரு இஞ்சுக்கு போட்டு, திமிசு கட்டையால இடிச்சு, எட்டு அடிக்கு ஒரு இஞ்ச் சரிவு, வீட்டுல இருந்து வெளிய பாத்து. இதுல கொத்தனாருக்கும் எனக்கும் பெரிய சண்டை. "அண்ணே, பாறைப்பொடி போட்டா சிமென்ட் மாதிரி நிக்கும், சிப்ஸ் போட்டா ஆடும்"ங்கிறாரு. சிமென்ட் மாதிரி நிக்குதுன்னாலே அதுல தண்ணி எறங்காதே அண்ணே, அதுதானே நமக்கு பிரச்சினைன்னு அரை மணி நேரம் பேசி சம்மதிக்க வச்சேன். அவரு சொன்னதுலயும் ஞாயம் இருக்கு, நடக்கும்போது ரெண்டு எடத்துல லேசா பள்ளம் விழுந்துது, ஒரு வருஷம் கழிச்சு ஓரத்த தூக்கி சிப்ஸ் நெரப்பினேன். ஆணி அடிச்ச புல்லா இருந்ததால தூக்க முடிஞ்சுது, ஒட்டின புல்ல எப்படி தூக்குவீங்க?

செவருல இருந்து ஒண்ணரை அடி புல்லே போடல, வெறும் பேபி ஜல்லி. செவரு மூச்சு விட அந்த எடம் வேணும். கூரைத் தண்ணி நேரா விழுற எடமும் அதுதான். ஆயிரம் சதுரடி கூரையில ஒரு செண்டிமீட்டர் மழை பெஞ்சாலே 900 லிட்டருக்கு மேல தண்ணி, அது அம்புட்டும் ஓட்டு விளிம்புல இருந்து ஒரே கோட்டுல விழும். புல்லு மேல விழுந்தா அதுக்குள்ள தூவுற மணல அரிச்சுட்டு போயிரும், புல்லும் படுத்துரும். முடிஞ்சா கூரை ஓரத்துல பிவிசி பாத்தியும் மாட்டிருங்க.

2023 டிசம்பர் 17, 18 தெக்கு மாவட்டம் பூரா கொட்டுச்சே ஒரு மழை, அன்னைக்கு நான் திண்ணையில உக்காந்து முற்றத்தையேதான் பாத்துட்டு இருந்தேன். கொட்டும்போது கிணத்துப் பக்கம் ஒரு விரக்கடை தண்ணி நின்னுது, மழை விட்டு கா மணி நேரத்துல காணல.

செலவு, 2023 கணக்குல: ஒண்ணரை அடி விட்டது போக 19.5க்கு 16, அதாவது 312 சதுரடி. ரோல் ஆறரை அடி அகலம் வரும், அதனால மூணு துண்டு சரியா உக்காந்துது, கழிவே இல்ல. 35 எம்எம் புல்லு சதுரடி 55 ரூபா வச்சு 17,000 சொச்சம், ஜல்லி, சிப்ஸ், துணி, பைப்பு 11,000, கூலி 9,500. அத்தானுக்கு என்ன விட கொறச்சல்தான் ஆச்சு, அப்போதைக்கு.

கொறை இல்லாம இல்ல. பங்குனி சித்திரை மத்தியானம் வெறுங்காலு வைக்க முடியாது, அயனி நெழல் விழாத மூலை தோசைக்கல்லுதான். சக்கை காய்ச்சா அரக்கு (பிசின்) புல்லுல ஒட்டும், அத எடுக்க தேங்காண்ணைய தொட்டு தொடைக்கணும், சோப்பு போட்டா இன்னும் இழுபடும். பாசி இதுலயும் வரும், ஆனா அடியில தண்ணி நிக்காததால மேலாப்புலதான் புடிக்குது, ஆடி முடிஞ்சதும் ஒருக்கா, தை மாசம் ஒருக்கா கட்டி பிரஷ் வச்சு தேச்சா போயிரும். எலைய ஈர்க்கு வாரியல் வச்சு தூத்தா போதும், புல்லு சாஞ்சிருக்குற பக்கத்துக்கு எதிரா பெருக்கணும். கோரை மட்டும் ஜியோ துணிய குத்திக்கிட்டு ரெண்டு எடத்துல எட்டிப் பாத்துருக்கு. வெட்டிவிட்டா ரெண்டு வாரத்துல திரும்பவும் நிக்குது.

எத்தன வருஷம் ஒழைக்கும்னா, எனக்கு மூணு வருஷ அனுபவந்தான், நெழல் பக்கம் புதுசு மாதிரி இருக்கு, வெயில் படுற மூலையில கலர் லேசா வெளிறிருக்கு. கடைக்காரர் எட்டு வருஷம்னாரு, நான் கணக்கு போட்டது ஆறு. பெறகு அது பிளாஸ்டிக் குப்பைதான், அந்த உறுத்தல் எனக்கும் உண்டு.

அம்மாவுக்குதான் இன்னும் மனசு ஆறல. "மக்ளே, நல்லமிளகு காயப்போட்டுட்டு இருந்த முற்றத்துல பிளாஸ்டிக் பாய விரிச்சு வச்சிருக்கியே"ன்னு மொத வருஷம் முழுக்க சொல்லிட்டு இருந்தா. இப்ப புல்லு மேலயே சாக்கு விரிச்சு காயப்போடுறா, அடியில காத்து போறதால சீக்கிரம் காயுதுன்னு பக்கத்து வீட்டு சித்திகிட்ட சொன்னது என் காதுல விழுந்துது, என்கிட்ட சொல்லல.

போடுறவங்க மாசி பங்குனியில போடுங்க, துண்டுகள சேக்குற டேப்பு பசை ஈரத்துல புடிக்காது. அக்கா வீட்டுலயும் வாற மாசியில வேலை இருக்கு, புல்ல பிச்சுட்டு அந்த கான்கிரீட்ட ஒடைக்கணும். ஒடைச்சு அள்ளிட்டு போக எவ்வளவுன்னு ஒருத்தருகிட்ட கேட்டோம், போட்ட காச விட கூட சொல்றாரு.