சேலத்தில் ஜெனான் ஹெட்லைட் வேலைக்குக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

சேலத்தில் ஒரு கார் ஆக்சஸரிஸ் கடை என்னிடம் 24,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, மாற்றியதாகச் சொன்ன பொருளை மாற்றவே இல்லை. புகார் நடந்துகொண்டிருப்பதால் கடைப் பெயரைப் போடவில்லை. ஆனால் இந்த வித்தையை எந்தக் கடையிலும் காட்டலாம்.

என் கார் கம்பெனியிலிருந்தே ஜெனான் ஹெட்லைட்டோடு வந்த பழைய செடான். இரவில் ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது இடது விளக்கு லேசாக ரோஸ் நிறமாக மாறி, அப்புறம் அணைந்தது. சுவிட்சை அணைத்துப் போட்டால் எரியும், கொஞ்ச நேரத்தில் மறுபடி போய்விடும். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் பனிமூட்டத்தில் ஒற்றை விளக்கோடு இறங்கினேன்.

கடைக்காரர் பானெட்டைத் திறந்த வேகத்தில் சொன்னார்: "பேலஸ்ட் போயிடுச்சுங்க சார். ஒண்ணு போனா இன்னொண்ணும் போகும், ரெண்டையும் மாத்திடலாம். பல்பு ஃப்ரீயா போட்டுத் தர்றேன்."

பேலஸ்ட் என்பது பல்புக்கு வேண்டிய மின்சாரத்தைச் சரிசெய்து கொடுக்கும் பெட்டி. அந்த 'ஃப்ரீ' பல்பில்தான் மொத்த ஏமாற்றும் இருக்கிறது. போனது பல்பு. பேலஸ்ட்டுக்குக் காசு வாங்கிக்கொண்டு பல்பை மட்டும் மாற்றினால் விளக்கு எரியும், நாமும் சந்தோஷமாக வீட்டுக்கு வந்துவிடுவோம்.

ஜெனான் பல்புக்குள் சாதாரண ஹாலஜன் பல்பு மாதிரி இழை கிடையாது. சின்னக் குவார்ட்ஸ் குமிழில் எதிரெதிரே இரண்டு டங்ஸ்டன் முனைகள், சில மில்லிமீட்டர் இடைவெளி, ஜெனான் வாயு, கொஞ்சம் உலோக உப்புகள் இருக்கும். 20,000 வோல்ட்டுக்கு மேல் ஒரு அதிர்ச்சி கொடுத்தால்தான் அந்த இடைவெளியில் மின்சாரம் பாயும். முதல் வெளிச்சம் ஜெனானுடையது. சூட்டில் உப்புகள் ஆவியாகிச் சேர்ந்துகொள்ள சில விநாடி ஆகும், அதற்குப் பிறகுதான் முழு வெளிச்சம். பற்றிக்கொண்டபின் என் காரில் இருக்கும் டி1எஸ் வகை பல்புக்கு 85 வோல்ட், 35 வாட் போதும். ட்யூப்லைட்டுக்கு சோக் செய்யும் வேலையை இங்கே செய்வது பேலஸ்ட். 55 வாட் எச்7 வகை ஹாலஜன் பல்பு சுமார் 1,500 லூமென் வெளிச்சம் தரும். என் ஜெனான் பல்பு 35 வாட்டில் 3,200 தருகிறது.

பல்புக்கு வயதாக ஆக முனைகள் தேயும், உள்ளே இருக்கும் உப்புகளும் குறையும். நிறம் ரோஸ், ஊதா என்று திரியும். எரிந்துகொண்டே இருக்கத் தேவையான வோல்டேஜ் கூடிக்கொண்டே போய் எல்லை தாண்டினால் பேலஸ்ட் தானாக அணைத்துவிடும். அணைத்துப் போட்டால் மறுபடி முயன்று பார்க்கும். எனக்கு நடந்ததும் அச்சு அசலாக இதுதான். லைட் வேலையே தொழிலாக வைத்திருக்கிறவருக்கு இது தெரியாதா என்ன?

அவர் போட்ட பல்பும் நீலம் அடித்தது. பெட்டியில் 8000 கே (கெல்வின்) என்று போட்டிருந்தது. ஏதோ பவர் கூடுதல் என்பதுபோல் சொல்லி விற்கிறார்கள். அது நிறத்தின் அளவுதான். கம்பெனி பல்பு 4300 கே அளவில் இருக்கும். அதற்கு மேல் நீலம் ஏற ஏற வெளிச்சம் குறையும். மழையில் தொப்பூர் பக்கம் போனபோது ரோட்டுக் கோடே சரியாகத் தெரியவில்லை.

கோரிமேட்டில் ஒரு வயதான எலக்ட்ரீஷியன் அண்ணன்தான் ஹெட்லைட்டையே கழற்றிக் காட்டினார். பேலஸ்ட் ஸ்க்ரூவில் துரு, மேலே பழைய மண், லேபிளில் என் கார் தயாரான வருஷம். யாரும் தொட்டதே இல்லை. கடைக்காரரிடம் போய்க் கேட்டால், "ரீகண்டிஷன் பீஸுங்க, அப்படித்தான் இருக்கும்" என்கிறார். ஸ்க்ரூவுமா ரீகண்டிஷன்?

ஜிஎஸ்டி பில் கேட்டதற்கு எஸ்டிமேட் சீட்டுதான் கிடைத்தது. நல்லவேளை, 'பேலஸ்ட் 2' என்று அவரே வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். பணமும் ஜிபேயில் போனது. இரண்டையும் வைத்து 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன்.

உங்கள் விளக்கு இப்படி அணைந்தால், எலக்ட்ரீஷியனிடம் இடது பல்பை வலதிலும் வலதை இடதிலும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கோளாறு பல்போடு சேர்ந்து பக்கம் மாறினால் பல்பு. அதே பக்கத்தில் நின்றால் பேலஸ்ட் அல்லது வயரிங். நீங்களே கை வைக்காதீர்கள், 20,000 வோல்ட் விளையாட்டில்லை. பேலஸ்ட்டை மாற்றினால் பழையதைக் கையில் வாங்கி, லேபிளைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். டி1எஸ் ஸ்டாக் இல்லை, டி3எஸ் பல்பின் அடிப்பகுதியை ராவிப் போட்டுவிடலாம் என்று சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். அது 42 வோல்ட்டில் ஓடும் வேறு பல்பு.

இப்போது 4300 கே பல்பு ஒரு ஜோடி வாங்கிப் போட்டிருக்கிறேன். பேலஸ்ட் இரண்டும் வண்டியோடு வந்த அதே பழசுதான், நன்றாக ஓடுகின்றன. கடையிலிருந்து 5,000 தருகிறேன், புகாரை வாபஸ் வாங்குங்கள் என்று போன் வந்தது. முடியாது என்று சொல்லிவிட்டேன். முழுப் பணமும் வராவிட்டால் அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான்.