பிபிசி மைக்ரோவும் என் வலது கட்டைவிரலும்

போன வாரம், அடைமழையின் மூன்றாம் நாள் காலையில், என் 1980-களின் கணினியான பிபிசி மைக்ரோ மறுபடியும் ஊளையிட்டது. அன்றைக்கே கோவையிலிருந்து பள்ளி நண்பன் கேட்கிறான்: "இங்கே ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. நீ ஆறு வருடமாக வைத்திருக்கிறாயே, வாங்கலாமா?" கேள்வி வந்த நேரம் அவனுக்குச் சரியில்லை. கையில் திருப்புளியோடு உட்கார்ந்திருந்தவனிடம் கேட்டுவிட்டான்.

முதலில் ஊளையைச் சொல்லிவிடுகிறேன். இந்த இயந்திரத்தின் சுவிட்சைப் போட்டதும் அடித்தொண்டையில் ஒரு "பூ", உடனே மேல் சுருதியில் ஒரு "பீப்". முதல் சத்தம், மின்சாரம் வந்த திகைப்பில் ஒலிச் சில்லு தானாகப் போடுவது. மூளையான 6502 பிராசசர் விழித்துக்கொண்டு அதன் வாயை அடைத்துவிட்டு, தான் நலம் என்று சொல்வது இரண்டாவது. முதல் சத்தம் நிற்காமல் நீண்டுகொண்டே போனால், உள்ளே அதை அடக்க ஆள் இல்லை என்று பொருள். ஆறு வருடத்தில் அந்தப் "பீப்"புக்காக நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற காலைகளை எண்ணவில்லை. எங்கள் வீட்டில் எண்ணியிருக்கிறார்கள்.

மாடல் பி, 2 மெகாஹெர்ட்ஸ், 32 கிலோபைட் என்பதெல்லாம் இதைத் தேடிப் படிப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். என்னிடம் வந்த கதையை மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன். 1984-இல் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற திட்டத்தின் கீழ், தேர்ந்தெடுத்த பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோவைக் கொடுத்தது. எங்கள் பள்ளிக்கு வந்தவை ஐந்து. வகுப்பில் நாற்பது பேர், வாரத்துக்கு ஒரு பாடவேளை, செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் குளிரூட்டிய அந்த அறைக்குள் போக வேண்டும். தலைக்கு ஐந்து நிமிடம் கிடைத்தால் பெரிது. நானும் கோவைக்காரனும் ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதியாக உட்கார்ந்து, பத்து சிவப்பு விசைகளில் எது யாருடையது என்று சண்டை போட்டிருக்கிறோம். முப்பது வருடம் கழித்து வேறொரு பள்ளியின் கிடங்கைக் காலி செய்தபோது பழைய இரும்புக் கடைக்குப் போக இருந்த ஒன்றை 600 ரூபாய்க்கு எடுத்தேன். உள்ளே இரண்டு பல்லி முட்டைகளும் ஒரு பரீட்சை அட்டையின் கிளிப்பும் இருந்தன.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சாக்கெட்டுகள்.

இந்தப் போர்டில் முக்கியமான ஐ.சி.க்கள், அதாவது சில்லுகள், பலவும் சாக்கெட்டில் செருகியவை. 6502, நிரல் பதிந்த ரோம்கள், திரையைக் கவனிக்கும் யூ.எல்.ஏ., டெலிடெக்ஸ்ட் எழுத்து வரையும் சில்லு என எதைச் சந்தேகித்தாலும் நெம்பி எடுத்து வேறொன்றைச் செருகிப் பார்க்கலாம். ரேம்கூடப் பதினாறு தனித்தனிச் சில்லுகள். பழுது பார்ப்பவனுக்கு இதைவிடப் பாக்கியம் கிடையாது. இன்றைய மடிக்கணினியைத் திறந்தால் நமக்குத் தெரிவது பசையும் ஒட்டுநாடாவும்தான். இதிலோ, மூடியைப் பிடித்திருக்கும் நான்கு திருகுகளின் பக்கத்தில் 'ஃபிக்ஸ்' என்று அச்சடித்தே கொடுத்திருக்கிறார்கள்.

ஆனால் நான் இருப்பது திருவான்மியூரில். ஜன்னலைத் திறந்தால் உப்புக்காற்று. சாக்கெட்டின் தகடும் ஐ.சி.யின் காலும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் மெல்லிய களிம்பு ஏறிவிடுகிறது. வெயிலில் விரிந்து இரவில் சுருங்கி, ஐ.சி.க்கள் மயிரிழை மயிரிழையாக மேலே எழும்பிவிடுகின்றன. ஒரு நாள் ஊளை. இன்னொரு நாள் திரை முழுக்கக் கோலம். வேறொரு நாள் எல்லாம் சரியாக இருந்து, நிரல் எழுதும் மொழியான பேசிக் மட்டும் காணவில்லை என்கிறது. மருந்து ஒன்றுதான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைத் திறந்து, கட்டைவிரலால் ஒவ்வொரு ஐ.சி.யையும் அழுத்த வேண்டும். "நறுக்" என்று ஒரு சத்தம் வரும். அது வந்தால் நோயாளி பிழைத்தான். யூ.எல்.ஏ.யின் தலையில் ஒட்டிய வெப்பத்தகடு விரலைக் கிழிக்கும், ஜாக்கிரதை.

கோபத்தில் இதை இயந்திரத்தின் குற்றம் என்று எழுதப் பார்த்தேன். நியாயமில்லை. 1981-இல் கேம்பிரிட்ஜில் வடிவமைத்ததை 40 வருடம் கழித்து வங்கக் கடலோரத்தில் ஒருவன் ஓட்டுவான் என்று யாரும் உத்தரவாதம் எழுதித் தரவில்லை. அதைவிட, இந்த வம்சத்தின் பிறப்பிலேயே ஒரு விரல் இருக்கிறது. இதன் மாதிரிப் போர்டைக் கட்டியபோது, குறிப்பிட்ட ஓர் இடத்தில் யாராவது விரலை வைத்திருந்தால்தான் அது ஒழுங்காக ஓடியதாம். விரலுக்குப் பதில் ரெசிஸ்டரை வைத்தார்கள், ஓடியது. காரணம் கடைசிவரை பிடிபடவில்லை என்று வடிவமைத்தவர்களில் ஒருவரான ஸ்டீவ் ஃபர்பரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். சுமார் 15 லட்சம் இயந்திரங்கள் அப்படியே விற்றுப் போயின. இதைப் படித்த நாளிலிருந்து என் கட்டைவிரலுக்குக் கொஞ்சம் மரியாதை கூடியது. வலி குறையவில்லை.

சாக்கெட்டையே மாற்றிவிடலாமே என்பீர்கள். மாற்றினேன். உருண்டைத் துளை கொண்ட நல்ல ரகம் வேண்டும் என்று கேட்டு, ஒரு கடையில் புதியது என்று சொல்லிக் கொடுத்ததை வாங்கி வந்தேன். வீட்டில் பூதக்கண்ணாடியில் பார்த்தால் கால்களில் பழைய ஈயம். எங்கிருந்தோ பிடுங்கியவை. மறுபடி அலைந்து வேறு வாங்கி, யூ.எல்.ஏ.யின் 28 கால்களையும் ஒவ்வொன்றாக ஈயம் உறிஞ்சி எடுத்தபோது, இருபதாவது காலில் போர்டின் தாமிரத்தடம் உரிந்து வந்துவிட்டது. இன்றைக்கும் அந்த இடத்தில் ஒரு மஞ்சள் கம்பி பாலம் கட்டிக்கொண்டிருக்கிறது. ஓடுகிறது. ஆனால் 6502-இன் 40 கால் சாக்கெட்டைத் தொட அதன்பின் துணிச்சல் வரவில்லை. போன வாரம் ஊளையிட்டதும் அதே சாக்கெட்டுதான்.

இவ்வளவு திட்டிவிட்டு, மேம்படுத்தியவற்றைப் பற்றி எழுதும்போது குரல் மாறினால் மன்னிக்கவும்.

பிளாப்பிக்கு ஏங்க வேண்டியதில்லை. போர்டின் அடியில் இருக்கும் யூசர் போர்ட்டில் எஸ்.டி. அட்டைக்கான சிறு பலகையைச் செருகி, அதற்குரிய நிரலை ஒரு ரோமில் எழுதிக் காலி சாக்கெட்டில் பொருத்தினால் போதும். நூற்றுக்கணக்கான பிளாப்பிகள் நகத்தளவு அட்டைக்குள் போய்விடுகின்றன. ஆம், அந்த ரோமும் ஒரு சாக்கெட்டில்தான் இருக்கிறது. ஆம், அதையும் அழுத்துகிறேன். படத்துக்கு, ராஸ்பெர்ரி பை ஜீரோ என்ற சின்னஞ்சிறு கணினியை வைத்து எச்.டி.எம்.ஐ. ஆக்கும் பலகை ஒன்று இருக்கிறது. தெளிவு அபாரம். எனக்கு அது கொஞ்சம் அதிகமாகவே படுகிறது, ஆனால் கண் வலிக்காமல் வேலை செய்யலாம்.

மனம் நிறைந்தது இன்னொரு பை ஜீரோவால். பிபிசி மைக்ரோவின் அடியில் டியூப் என்று ஒரு வாசல் வைத்தார்கள். இரண்டாவது பிராசசர் ஒன்றை வெளியே வைத்து, அதன் வழியாக இணைத்துக்கொள்ளலாம். பிபிசி மைக்ரோவைச் செய்த ஏக்கார்ன் நிறுவனத்தில் சோஃபி வில்சனும் ஃபர்பரும் ஆர்ம் சில்லை வடிவமைத்தபோது, அதன் நடத்தையை முதலில் பிபிசி பேசிக்கில்தான் எழுதிப் பார்த்தார்கள். 1985 ஏப்ரலில் முதல் ஆர்ம் சில்லு கைக்கு வந்தபோது அதை ஓட்டிப் பார்த்ததும் இதே டியூப் வழியாகத்தான். இன்று நம் சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசிகளுக்கெல்லாம் அதுதான் மூதாதை. பை ஜீரோவுக்கும்தான். 5 வோல்ட்டை 3.3 ஆக்கும் ஒரு சின்னப் பலகை இடையில் இருந்தால், அந்த வாரிசை இதே வாசலில் கொண்டுவந்து மாட்டலாம். பழைய 6502 போலவே அது நடிக்கும், நூறு மடங்குக்கு மேல் வேகத்தில். பள்ளி நாளில் பகா எண் தேட நான் எழுதிய நிரல், பாடவேளை முடியும் மணி அடித்தும் ஓடிக்கொண்டிருக்கும். இப்போது ரிட்டர்ன் விசையிலிருந்து விரலை எடுப்பதற்குள் முடிந்துவிடுகிறது.

ஆனால் கணக்கு மட்டும்தான் புதியவர் போடலாம். விசைப்பலகை, திரை, அட்டை எல்லாம் பழையவர் பொறுப்பு. 1 கிகாஹெர்ட்ஸ் மருமகள் எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் சாவிக்கொத்து 2 மெகாஹெர்ட்ஸ் மாமியாரின் இடுப்பில்தான். மாமியாரோ மழை பெய்தால் எழுந்திருக்க மாட்டார்.

தமிழ் எழுத்து வரைந்ததையும் சொல்லத்தான் வேண்டும். எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் நாமே எழுத்துகளை வரையறுத்துக்கொள்ள இதில் வசதி உண்டு. முதலில் கிடைப்பவை 32 இடங்கள். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. மொத்தம் 31. ஓர் இடம் மிச்சம்! தொல்காப்பியரே வந்து அளவெடுத்தது போல் இருக்கிறதே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மிதந்தேன். கொம்பும் காலும் கொக்கியும் எங்கே வைப்பது என்று திங்கட்கிழமை உறைத்தது. ட, ப இரண்டும் கட்டத்துக்கென்றே பிறந்தவை. ண-வுக்கு இரண்டு கட்டம் வேண்டும். ஞ என்னைப் பழிவாங்கியது. கூடுதல் இடம் கேட்டால் இயந்திரம் கொடுக்கும், ஒவ்வொரு 32 எழுத்துக்கும் 256 பைட் நினைவகத்தைப் பிடித்துக்கொண்டு. நிரல் பை ஜீரோவின் நினைவகத்தில் இருந்தால் அந்த இழப்பு அதைத் தொடாது. டெலிடெக்ஸ்ட் எழுத்து வரும் மோட் 7-இல் மட்டும் இது நடக்காது. அங்கே எழுத்துகள் சில்லிலேயே செதுக்கப்பட்டவை. இருப்பதிலேயே அழகான திரையில் தமிழுக்கு இடமில்லை என்பதில் எனக்கு இன்னும் வருத்தம்தான். ஆனாலும் என் அம்மாவின் பெயர் அந்தக் கறுப்புத் திரையில், நான் புள்ளி புள்ளியாக வைத்த எழுத்தில் வந்தபோது, அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்துவிட்டு, "ணை-யைச் சரியாகப் போடவில்லையே" என்றார். அது பழைய ணை, தும்பிக்கை வைத்தது. திருத்திக் கொடுத்தேன். அந்த மாலைக்காக இந்த ஆறு வருடத்தையும் மறுபடி கொடுப்பேன்.

சரி, கோவைக்காரனுக்குப் பதில்.

விற்பவர் 45,000 ரூபாய் கேட்கிறாராம். பெட்டி பளபளப்பாக இருக்கிறதாம், "போட்டவுடன் ஓடுகிறது" என்று உறுதி சொன்னாராம். வேண்டாம். கோவையில் உப்புக்காற்று இல்லை என்று நீ வாதாடுவாய், அது உண்மையும்தான், அங்கே உனக்கு என் தொல்லையில் பாதிகூட இருக்காது. அப்படியும் வேண்டாம். ஒரு வாரமாக நகத்தடியில் ரத்தம் கட்டிப்போயிருக்கிறவன் சொல்கிறேன். விளையாட்டுதான் வேண்டும் என்றால் உன் மடிக்கணினியிலேயே இதைப் போல நடிக்கும் எமுலேட்டர் நிரல் ஓடும், அது ஊளையிடாது.

மீறி வாங்கினால் ஒன்று மட்டும் கேள். "போட்டவுடன் ஓடுகிறது" என்பதை நம்பிப் பிளக்கில் செருகாதே. பவர் சப்ளை பெட்டிக்குள் மின்வரத்தில் குறுக்காக இரண்டு கெபாசிட்டர்கள் இருக்கும், ஒன்று 0.1 மைக்ரோ ஃபாரட், மற்றது 0.01. மஞ்சள் பளிங்கு போல, மேலே மயிரிழை விரிசலோடு இருந்தால் அவைதான். வயதாகி ஈரம் குடித்திருக்கும். எனக்கு முதல் நாள் எல்லாம் அழகாக ஓடியது, இருபதாவது நிமிடத்தில் வெடித்தது. அறை முழுக்கப் புகை. அதற்குள்ளும் திரையில் கர்சர் நிதானமாக மின்னிக்கொண்டிருந்தது. மின்வரத்தில் குறுக்கே வைப்பதற்கென்றே உள்ள எக்ஸ் 2 ரகத்தில் புதியதாக இரண்டும் சேர்த்து 40 ரூபாய்க்குள் கிடைக்கும். அதை மாற்றிவிட்டு அப்புறம் சுவிட்சைப் போடு. இல்லையென்றால் ஜன்னலைத் திறந்து வை. அந்த நாற்றம் எங்கள் வீட்டுத் திரைச்சீலையிலிருந்து போக ஒரு வாரம் ஆனது.