வார்டா, ஊர் முழுக்கவா, மூடிய பிரைமரியா: அமெரிக்க நகர மன்றங்களில் யாருக்கு இடம் கிடைக்கிறது?

நியூயார்க் நகர மன்றத்தில் 51 இடங்கள். 2021 நவம்பர் தேர்தலில் அதில் 46 இடங்களை ஜனநாயகக் கட்சி பிடித்தது. அந்த 46 பேரில் பெரும்பாலானவர்கள் யார் யார் என்பது ஜூன் மாதமே தெரிந்துவிட்டது. ஜூனில் நடந்தது பிரைமரி, அதாவது கட்சியின் வேட்பாளர் யார் என்று முடிவு செய்யும் உட்கட்சித் தேர்தல். நவம்பரில் எதிர்ப்பு என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லாத தொகுதிகள்தான் அதிகம்.

நம்மூரில் யாருக்கு சீட்டு என்பதைத் தலைமை முடிவு செய்யும். அமெரிக்காவில் அதை வாக்காளர்கள் முடிவு செய்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எந்த வாக்காளர்கள் என்று கேட்டால்தான் சிக்கல் தெரியும். நியூயார்க்கில் வாக்காளராகப் பதியும் படிவத்திலேயே ஒரு கட்டம் இருக்கிறது: எந்தக் கட்சியில் சேர விரும்புகிறீர்கள்? அதில் ஜனநாயகக் கட்சியை டிக் செய்தவர் மட்டுமே அந்தக் கட்சியின் பிரைமரியில் வாக்களிக்க முடியும். ‘எந்தக் கட்சியும் வேண்டாம்’ என்பதை டிக் செய்தவருக்கு ஜூனில் வாக்கு கிடையாது. இதுதான் மூடிய பிரைமரி. அரசின் தேர்தல் வாரியம், அரசுப் பணத்தில் நடத்தும் தேர்தல் இது. அப்படியும் நகரில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுபெற்ற வாக்காளர்கள் வெளியே நிற்கிறார்கள்.

ஓர் ஊரின் மன்றத்தில் யாருக்கு இடம் கிடைக்கும் என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று, உண்மையான முடிவு எடுக்கப்படும் நாளில் யாருக்கு வாக்கு உண்டு என்பது. இன்னொன்று, அந்த வாக்குகளை எந்தக் கோட்டுக்குள் வைத்து எண்ணுகிறார்கள் என்பது. அமெரிக்க நகரங்கள் இந்த இரண்டையும் விதவிதமாகக் கலந்து பார்த்திருக்கின்றன. நான்கைந்து நகரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தொகுதிக் கோடு போடுவதைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம், யாரை வாக்களிக்க விடுகிறோம் என்ற கதவைப் பற்றிக் குறைவாகப் பேசுகிறோம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நியூயார்க்: வார்டு உண்டு, கதவு மூடியிருக்கிறது

2021 மேயர் பிரைமரியை எடுத்துக்கொள்வோம். வாக்காளர்கள் வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தியதால் பல சுற்றுகளாக எண்ணினார்கள். கடைசிச் சுற்றில் எரிக் ஆடம்ஸ் 4,04,513 வாக்குகள், கேத்ரின் கார்சியா 3,97,316. வித்தியாசம் 7,197. நகரின் மக்கள்தொகை 88 லட்சம். நவம்பரில் ஆடம்ஸ் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளுடன் சுலபமாக ஜெயித்தார். போட்டி என்று ஒன்று நடந்தது ஜூனில்தான். அதில் கட்சி சாராதவர்களுக்கும் குடியரசுக் கட்சியினருக்கும் சொல்ல ஒன்றுமில்லை.

கட்சி மாற நினைத்தாலும் நினைத்த நாளில் மாற முடியாது. ஏற்கெனவே வேறு கட்சியில் இருப்பவர் ஜூன் பிரைமரிக்காக மாற வேண்டுமானால் பிப்ரவரி 14-க்குள் மாறியிருக்க வேண்டும். அப்போது வேட்பாளர் பட்டியலே முழுசாக வந்திருக்காது. முன்பு இது இன்னும் மோசம். 2016 ஏப்ரலில் நடந்த அதிபர் பிரைமரிக்கு முந்தைய அக்டோபரே கெடு. ட்ரம்ப்பின் மகள் இவாங்காவும் மகன் எரிக்கும் அந்தக் கெடுவைத் தவறவிட்டு, சொந்த அப்பாவுக்கே வாக்களிக்க முடியாமல் போனார்கள். நியூயார்க்கின் கோடீஸ்வரக் குடும்பத்துக்கே இந்த நிலை என்றால், போன வருடம் குடியுரிமை வாங்கிய டாக்சி ஓட்டுநரின் கதியை யோசித்துப் பாருங்கள்.

மூடிய பிரைமரிக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. கட்சி என்பது ஒரு கொள்கைக்காகச் சேர்ந்தவர்களின் அமைப்பு, அதன் வேட்பாளரை அதன் உறுப்பினர்கள்தானே முடிவு செய்ய வேண்டும்? எதிர்க்கட்சிக்காரர் உள்ளே வந்து பலவீனமானவரைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் போகலாமா? அப்புறம், மூடிய பிரைமரி என்றால் எப்போதும் பழைய பெருந்தலைகளே ஜெயிப்பார்கள் என்பதும் சரியில்லை. 2025 ஜூனில், அப்போது மாநில சட்டமன்ற உறுப்பினராக இருந்த ஸோரான் மம்தானி, முன்னாள் ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோவைத் தோற்கடித்தது இதே மூடிய பிரைமரியில்தான். புதிய வாக்காளர்களைப் பதிய வைத்து, அதற்காகவே உழைத்தால் கதவைத் திறக்க முடியும். ஆனால் உழைத்தால்தான் திறக்கும் என்ற நிலையே எனக்குச் சரியாகப் படவில்லை.

தொகுதிக்கு ஓர் உறுப்பினர் என்ற வார்டு முறை நியூயார்க்குக்கு நல்லதும் செய்திருக்கிறது. 2021-ல் முதல் முறையாக மன்றத்தில் பெண்கள் பெரும்பான்மை ஆனார்கள். 51-ல் 31 பேர். அதே தேர்தலில்தான் தெற்காசியர்கள் முதன்முதலாக உள்ளே வந்தார்கள்: ஜாக்சன் ஹைட்ஸ் பகுதியிலிருந்து சேகர் கிருஷ்ணன், புரூக்ளினிலிருந்து ஷஹானா ஹனிஃப். 2022-ல் தொகுதி மறுவரையறை நடந்தபோது தெற்கு புரூக்ளினில் ஆசியர்கள் பெரும்பான்மையாக உள்ள 43-ஆம் தொகுதி உருவானது. அடுத்த வருடமே சூசன் சுவாங் அங்கிருந்து வந்தார்.

கோடு எதிர்ப்பக்கமும் வேலை செய்யும். குவீன்ஸில் ரிச்மண்ட் ஹில், சவுத் ஓசோன் பார்க் பகுதிகளில் கயானா, டிரினிடாட் வழி வந்த இந்தியர்களும் பஞ்சாபிகளும் நெருக்கமாக வாழ்கிறார்கள். அந்தக் கயானா இந்தியர்களில் ஒரு பகுதியினர், மதராஸ் துறைமுகத்தில் கப்பலேறிக் கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள். இன்றும் குவீன்ஸில் மாரியம்மனுக்குப் பூசை செய்கிறார்கள். தங்கள் பகுதியை ஒரே தொகுதிக்குள் வையுங்கள் என்று இந்தச் சமூகம் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறது. பழைய மாநில சட்டமன்ற வரைபடத்தில் அந்தப் பகுதி ஏழு தொகுதிகளாகச் சிதறிக் கிடந்தது. ஏழு இடத்திலும் சிறுபான்மையாக இருந்தால் ஏழு பேருக்கும் அவர்கள் முக்கியமில்லை. நகர மன்றத் தொகுதிகளை வரையும் ஆணையத்தில் 15 பேர். ஏழு பேரை மேயரும், மற்ற எட்டுப் பேரை மன்றத்தின் இரு கட்சிகளும் நியமிக்கின்றன. ஜெயித்தவர்கள் நியமிக்கும் ஆட்கள்தான் அடுத்த தேர்தலுக்கான கோட்டைப் போடுகிறார்கள்.

பிலடெல்ஃபியா: இரண்டும் கலந்து

இங்கே 17 இடங்கள். பத்து பேர் வார்டிலிருந்து, ஏழு பேர் நகர் முழுவதற்குமாக. அந்த ஏழில் எந்தக் கட்சியும் ஐந்து பேருக்கு மேல் நிறுத்த முடியாது. எனவே இரண்டு இடங்கள் தானாகவே வேறு கட்சிக்குப் போகும். 1951 சாசனம் செய்த இந்த ஏற்பாட்டால் பல பத்தாண்டுகளாக அந்த இரண்டையும் குடியரசுக் கட்சி வாங்கிக்கொண்டிருந்தது. 2019-ல் இடதுசாரிச் சிறு கட்சியான உழைக்கும் குடும்பங்கள் கட்சியின் கெண்ட்ரா புரூக்ஸ் ஒன்றைப் பிடித்தார். 2023-ல் இரண்டுமே அந்தக் கட்சிக்குப் போய்விட்டன. குடியரசுக் கட்சிக்கு மிஞ்சியது ஒரே ஒரு வார்டு.

மீதி எல்லாம் மே மாத மூடிய பிரைமரியில் முடிகிறது. 2023-ல் ஷெரெல் பார்க்கர் மேயர் வேட்பாளரானது கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு வாக்கில். நவம்பரில் வெற்றி உறுதி என்பதால், நகரின் முதல் பெண் மேயர் யார் என்பதைக் அந்தப் பிரைமரியில் வாக்களித்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் முடிவு செய்தார்கள். வாக்குச்சீட்டில் யார் பெயர் மேலே வரும் என்பதை ஒரு பழைய காபி டப்பாவிலிருந்து எண் எடுத்துத்தான் தீர்மானிக்கிறார்கள். வேட்பாளர் கூட்டம் அதிகமாகவும் வாக்காளர் கவனம் குறைவாகவும் உள்ள பிரைமரியில், மேலே இருக்கும் பெயருக்கு அது பெரிய லாபம்.

வார்டு முறையின் இன்னொரு முகத்தையும் இங்கே பார்க்கலாம். ஒரு வார்டில் அரசு நிலத்தை விற்பதா, கட்டட விதியை மாற்றுவதா என்று வந்தால், அந்த வார்டு உறுப்பினர் வேண்டாம் என்றால் மற்றவர்கள் மறுபேச்சு பேசுவதில்லை. எழுதப்படாத வழக்கம். வார்டு மக்களுக்கு ஒரு குரல் கிடைக்கிறது என்று இதைச் சொல்லலாம், வார்டு உறுப்பினர் குறுநில மன்னர் ஆகிறார் என்றும் சொல்லலாம்.

ஆஸ்டினும் யாகிமாவும்: ஊர் முழுக்க ஒரே தொகுதியாக இருந்தால்

டெக்சாஸில் நகரத் தேர்தல்களில் கட்சிச் சின்னமே கிடையாது, எனவே மூடிய பிரைமரி பிரச்சினையும் இல்லை. கதவு திறந்திருந்தும் ஆஸ்டினில் பாதி ஊருக்கு இடமில்லாமல் போனது. காரணம் கோடு. சரியாகச் சொன்னால், கோடே இல்லாதது.

1951-ல் ஆர்தர் டிவிட்டி என்ற கறுப்பினத் தலைவர் போட்டியிட்டு மன்றத்தில் இடம் பிடிக்கும் அளவுக்கு நெருங்கி வந்தார். அதிக வாக்கு வாங்கும் ஐந்து பேர் உள்ளே போகலாம் என்பது அன்றைய விதி. அவர் ஆறாவது. 1953-ல் விதி மாறியது. ஒவ்வொரு இடத்துக்கும் ஊர் முழுக்கத் தனித்தனிப் போட்டி, பாதிக்கு மேல் வாக்கு வாங்கினால்தான் வெற்றி. சிறுபான்மையினர் தங்கள் வாக்குகளையெல்லாம் ஒருவருக்கே குவித்து ஜெயிக்கும் வழி அதோடு அடைபட்டது. எழுபதுகளிலிருந்து, ஓர் இடம் கறுப்பினத்தவருக்கு, ஓர் இடம் லத்தீன் அமெரிக்க வழி வந்த லத்தீனோ சமூகத்துக்கு என்று பெரிய மனிதர்களுக்குள் வாய்மொழி ஒப்பந்தம் ஓடியது. அந்த ஆள் யார் என்பதில் கடைசிப் பேச்சு ஊர்ப் பெரும்பான்மையுடையது, அந்தச் சமூகத்துடையது அல்ல.

வார்டு வேண்டும் என்ற யோசனையை ஆஸ்டின் வாக்காளர்கள் ஆறு முறை நிராகரித்தார்கள். 2012-ல் ஏழாவது முறை நிறைவேறியது: பத்து வார்டு, ஒரு மேயர். கோடு போடும் ஆணையத்தில் 14 பேர், அரசியல்வாதிகளுக்கு இடமில்லை. முதல் எட்டுப் பேரைக் குலுக்கலில் எடுத்தார்கள், அந்த எட்டுப் பேர் மீதி ஆறு பேரைச் சேர்த்துக்கொண்டார்கள். கூடவே தேர்தலை மே மாதத்திலிருந்து நவம்பருக்கு மாற்றினார்கள். இது வார்டுக்குக் குறையாத பெரிய மாற்றம் என்பேன், ஏனென்றால் மே தேர்தல்களில் பத்துக்கு ஒருவர் வாக்களித்தாலே அதிகம். 2014-ல் வந்த மன்றத்தில் 11 பேரில் ஏழு பேர் பெண்கள், மூன்று பேர் லத்தீனோ. டெலியா கார்சா அந்த மன்றத்துக்கு வந்த முதல் லத்தீனா, அதாவது லத்தீனோ பெண். ஆஸ்டினில் அபூர்வமாகிப்போன பழமைவாதிகளும் புறநகர் வார்டுகளிலிருந்து உள்ளே வந்தார்கள்.

வாஷிங்டன் மாநிலத்தின் யாகிமாவில் இதுவே நீதிமன்றத்தால் நடந்தது. மக்கள்தொகையில் சுமார் 40 சதவீதம் லத்தீனோக்கள், ஆனால் தேர்தலில் ஜெயித்து மன்றத்துக்குப் போனவர் ஒருவர்கூட இல்லை. வாக்களிப்பதில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் 1965 வாக்குரிமைச் சட்டத்தின் கீழ் 2014-ல் கூட்டாட்சி நீதிபதி அந்த முறை செல்லாது என்றார். ஏழு வார்டுகள் வந்தன. 2015-ல் மூன்று லத்தீனாக்கள் ஜெயித்தார்கள்.

ஆனால் வார்டு முறை பலன் தர, மக்கள் ஒரே இடத்தில் குவிந்திருக்க வேண்டும். 1928 நகரத் திட்டம் ஆஸ்டினின் கறுப்பின மக்களைக் கிழக்குப் பக்கம் தள்ளியது. வாடகை ஏறி அவர்கள் புறநகரங்களுக்குச் சிதறிய பிறகுதான் வார்டு வந்தது. அவர்களுக்கென்று வரைந்த வார்டிலேயே அவர்கள் பெரும்பான்மை இல்லை. ஒதுக்கி வைத்தபோது இல்லாத வார்டு, கலைந்து போனபின் வந்தது. இதை எழுதும்போதே மனம் கசக்கிறது.

போர்ட்லாண்ட்: பிரைமரியும் இல்லை, ஒற்றை ஆள் வார்டும் இல்லை

ஓரிகனின் போர்ட்லாண்ட் 2022-ல் நூறாண்டுப் பழைய அமைப்பைத் தூக்கிப் போட்டது. 2024 நவம்பரிலிருந்து நகரம் நான்கு பெரிய தொகுதிகள், தொகுதிக்கு மூன்று பேர். வாக்காளர் 1, 2, 3 என்று வரிசைப்படுத்துகிறார். தனியாக பிரைமரி கிடையாது, ஒரே நாளில் எல்லாம் முடிகிறது.

எண்ணும் முறை நமக்குப் புதிதல்ல. தமிழ்நாட்டில் ஆறு மாநிலங்களவை இடங்களுக்குத் தேர்தல் வந்தால் ஓர் இடத்துக்கு 34 எம்எல்ஏக்கள் வேண்டும் என்று கணக்குப் போடுவோமே, அதே கணக்கு. 234-ஐ ஏழால் வகுத்தால் 33 சொச்சம், அதைத் தாண்ட வேண்டும். போர்ட்லாண்டில் மூன்று இடம் என்பதால் நான்கால் வகுக்கிறார்கள். 25 சதவீதத்தைத் தாண்டினால் ஓர் இடம் உறுதி. மிச்ச வாக்குகள் அடுத்த விருப்பத்துக்குப் போகும். தொகுதியில் நாலில் ஒரு பங்கு இருக்கும் கூட்டம், எந்தத் தெருவில் வாழ்ந்தாலும் சரி, ஒருவரை அனுப்பலாம். கோட்டை இப்படி வளைத்தான், அப்படி வளைத்தான் என்ற சண்டைக்கு வேலை குறைவு.

82-ஆம் அவென்யூவுக்குக் கிழக்கே உள்ள பகுதி நடைபாதைகூடச் சரியாக இல்லாத ஏழைப் பகுதி. பழைய அமைப்பில் அங்கிருந்து மன்றத்துக்குப் போனவர்கள் மிகச் சொற்பம். இப்போது அதுவே முதல் தொகுதி, மூன்று உறுப்பினர்களுடன்.

குறைகளும் உண்டு. 12 இடங்களுக்கு 98 பேர் நின்றார்கள். அத்தனை பேரையும் யார் படித்துப் பார்ப்பது? வாக்குப்பதிவும் அந்தக் கிழக்குத் தொகுதியில்தான் மிகக் குறைவு. பன்னிரண்டு என்ற இரட்டைப்படை எண்ணால் 2025 ஜனவரியில் மன்றத் தலைவர் தேர்வே ஆறுக்கு ஆறு என்று பல சுற்று இழுத்தது. இவையெல்லாம் திருத்தக்கூடிய குறைகள். பதின்மூன்றாக்கலாம், விளக்கக் கையேட்டை நன்றாக எழுதலாம். நியூயார்க்கில் வெளியே நிற்கும் பத்து லட்சம் பேருக்கு அப்படி எளிய மருந்து கிடையாது.

நியூயார்க்கே இந்த முறையை ஒரு காலத்தில் வைத்திருந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1937 முதல் 1945 வரை ஐந்து தேர்தல்கள். 1941-ல் ஆடம் கிளேட்டன் பவல் நகர மன்றத்தின் முதல் கறுப்பின உறுப்பினரானது அப்படித்தான். கம்யூனிஸ்டுகளும் உள்ளே வந்தார்கள். பனிப்போர் தொடங்கிய 1947-ல் அதையே காரணம் காட்டி முறையை ஒழித்தார்கள். 1949-ல் வார்டு முறை திரும்பி வந்தபோது 25 இடங்களில் 24 ஜனநாயகக் கட்சிக்கு.

எனக்குப் பிடித்தது போர்ட்லாண்ட் வழிதான். ஒரு கட்சி ஓங்கியிருக்கும் ஊரில் அது முடியாது என்றால், முதலில் பிரைமரியைத் திறக்க வேண்டும், வார்டுக் கோட்டை அப்புறம் பார்க்கலாம். இந்த வரிசையை மாற்றினால் என்ன ஆகும் என்பதைத் தலைநகர் வாஷிங்டனில் பார்க்கலாம். எட்டு வார்டுகளும் நகர் முழுவதற்குமான இடங்களும் கலந்த மன்றம், மூடிய பிரைமரி. 2024 நவம்பரில் வாக்காளர்கள் ஒரே தீர்மானத்தில் இரண்டு விஷயங்களைப் பெரும்பான்மையுடன் நிறைவேற்றினார்கள்: வரிசைப்படுத்தி வாக்களிக்கும் முறை, கட்சி சாராதவர்களுக்கும் பிரைமரியில் வாக்கு. மறு ஆண்டு பட்ஜெட்டில் நகர மன்றம் முதல் பாதிக்குப் பணம் ஒதுக்கியது. இரண்டாம் பாதிக்கு ஒதுக்கவில்லை.