சீக்வஸ்ட்ரேஷன்னா என்னன்னு புரிய வச்ச டீச்சர் கடை

மலேசியாவுல சுங்கை சிப்புட்ல பஸ் ஸ்டாண்டு பக்கமா ஒரு சின்ன போட்டோஸ்டேட் கடை. உள்ளாற மேசை போட்டு தமிழ்ப்பள்ளியில வேலை பாத்து ரிட்டையர் ஆன டீச்சர் ஒருத்தங்க உக்காந்திருப்பாங்க, இங்கிலீஷ் மலாய் கடிதாசி எது கொண்டு போனாலும் தமிழ்ல சொல்லி எழுதியும் குடுப்பாங்க. எங்க குடும்பமே அவங்களுக்கு கடன்பட்டிருக்கு, அதான் எழுதுறேன்.

என் சித்தப்பா மகன் கிளாஸ்கோல சாப்பாட்டுக்கடை வச்சிருந்தான், கொரோனாவுக்கு அப்புறம் எந்திரிக்கவே முடியல. போன மாசம் அவன் வீட்டுக்காரி பயந்து போயி, அவனுக்கு கோர்ட்டுல இருந்து வந்த கடிதாசிய படம் பிடிச்சு வாட்ஸ்அப்ல அனுப்பிட்டா, இவன் போன் எடுக்கல. பெரிய டவுன்ல ஒரு மொழிபெயர்ப்பு கடையில குடுத்தோம், 50 வெள்ளி (ரிங்கிட்) வாங்கிட்டு சீக்வஸ்ட்ரேஷன்ங்கிற எடத்துல 'தனிமைப்படுத்தல்'னு எழுதிக் குடுத்துட்டாங்க. சித்தி அதைப் படிச்சுட்டு "எம்புள்ளைய எங்கடா அடைச்சு வச்சிருக்காங்க"ன்னு மூனு நாளா சரியா சாப்புடல.

டீச்சர்கிட்ட போனப்ப அவங்க கடிதாசிய படிக்கவே இல்ல, மொதல்ல கேட்டது "தம்பி, இது எந்த ஊரு கோர்ட்டு?" நான் இங்கிலாந்துன்னேன். மேல இருந்த அட்ரஸ்ல விரல வச்சு, "கிளாஸ்கோ ஸ்காட்லாந்துப்பா, அங்க சட்டம் வேற"ன்னாங்க. கடன கட்ட முடியாம திவால் ஆகுறதுதான், இங்கிலாந்துல பேங்க்ரப்ட்சின்னு சொல்றத, நம்மூர்ல முஃப்லிஸ்னு சொல்றத, ஸ்காட்லாந்து சட்டத்துல சீக்வஸ்ட்ரேஷன்னு சொல்றாங்க, அவ்வளவுதான். சொத்து டிரஸ்டி, அதாவது அதுக்குன்னு பொறுப்பு குடுத்த ஆளு, கைக்குப் போகும், அவரு வித்து கடன் குடுத்தவங்களுக்கு பிரிச்சுக் குடுப்பாரு, சாதாரணமா 12 மாசத்துல பழைய கடன்ல இருந்து விடுதலை. ஆளை யாரும் அடைக்கல. சித்தி அங்கயே நாற்காலியில உக்காந்து அழுதுட்டாங்க.

டீச்சர் தண்ணி குடுத்துட்டு பொறுமையா சொன்னாங்க பாருங்க, அதுக்குத்தான் இந்த கடைக்கு போகணும். லத்தீன்ல சீக்வெஸ்டர்னா நடுவுல நிக்கிற மூனாவது ஆளாம். "தோட்டத்துல ரெண்டு பேரு ஒரு மாட்டுக்கு சண்ட போட்டா, தீர்ப்பு வர வரைக்கும் மாட்ட தண்டல், அதான் தோட்டத்து மேஸ்திரி, வீட்டுல கட்டி வைப்பாங்கல்ல, அந்த தண்டல் வீடுதான் இந்த வார்த்தை"ன்னாங்க. எடுத்து, பிரிச்சு, வேற எடத்துல வைக்கிறது. இதைப் பிடிச்சுக்கிட்டா மத்த அர்த்தமெல்லாம் தானா வரும்னாங்க, வந்துச்சு.

அன்னைக்கே செம்பனை (எண்ணெய்ப்பனை) வெட்டுற அண்ணன் ஒருத்தர் எங்க முன்னாடியே முதுகு எம்ஆர்ஐ ரிப்போர்ட்ட விரிச்சாரு, அதுலயும் அதே வார்த்தை! முதுகெலும்பு நடுவுல இருக்கிற டிஸ்க்ல உள்ள இருக்கிற துண்டு பிஞ்சு தனியா போயி கிடக்குதுன்னு அர்த்தம், ஆபரேஷனா இல்லையான்னு டாக்டர்தான் சொல்லணும், நான் வார்த்தைய மட்டும்தான் சொல்வேன்னு கறாரா சொல்லிட்டாங்க. அந்த நேர்மை எனக்கு ரொம்ப பிடிச்சுது.

தோட்ட ஆபீஸ்ல குடுத்த பேப்பர்ல கார்பன் சீக்வஸ்ட்ரேஷன்னு இருந்ததையும் கேட்டேன். காத்துல இருக்கிற கரியமில வாயுவ மரம் இழுத்து அடிமரத்துலயும் வேர்லயும் வச்சுக்குது, மண்ணும் கொஞ்சம் வச்சுக்குது, ஆனா சுமார் 25 வருசத்துல செம்பனைய சாய்ச்சு மறுநடவு பண்றப்போ மரத்துல இருந்தது பெரும்பாலும் திரும்பப் போயிடும், சதுப்பு கரிமண்ண வடிய விட்டா அது பூட்டி வச்சிருந்ததும் வெளிய வந்துடும்னு சொன்னாங்க. கரியமில வாயுவ பிடிச்சு கடலுக்கு அடியில புதைக்கிறதுக்கு 2025ல நம்ம பார்லிமெண்ட்ல சட்டமே போட்டிருக்காங்க.

எங்கப்பா யூனியன்காரர்னு தெரிஞ்சதும் இன்னொன்னு சொன்னாங்க, 1984 பிரிட்டன் சுரங்கத் தொழிலாளர் ஸ்ட்ரைக்ல கோர்ட்டு உத்தரவ மதிக்கலன்னு யூனியன் பணத்தையே கோர்ட்டு பிடிச்சு வச்சதுக்கும் இதே பேருதானாம். சந்தா பணம்! கேக்கவே வயிறு எரிஞ்சுது. அமெரிக்காவுல 2013ல அரசாங்க செலவ தானா வெட்டுனதுக்கும் இதான் பேரு.

கொறைன்னா, கூட்டம் ஜாஸ்தி, நான் ஒன்னரை மணி நேரம் காத்திருந்தேன், ஃபேன் ஒன்னுதான், கியூஆர் கிடையாது காசுதான். ஒரு பக்கத்துக்கு 10 வெள்ளி, வாய்ல கேட்டா ஃப்ரீ. கோர்ட்டுல காட்டுற சான்றிதழ் மொழிபெயர்ப்பு அவங்க செய்ய மாட்டாங்க, அதை முதல்லயே சொல்லிடுவாங்க.

போறவங்க கடிதாசிய மட்டும் கொண்டு போகாம கவரையும் எடுத்துட்டுப் போங்க லா, எந்த ஊருல இருந்து வந்துச்சுன்னு தெரியாம டீச்சர் ஒரு வரி கூட எழுத மாட்டாங்க.