கும்பகோணம் பக்கம் "ஹெரிடேஜ் வீட்டில் மீட்டிங்" என்று முன்பணம் கேட்டால், கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்

டீலர் மீட்டிங், கம்பெனி விழா, அறுபதாம் கல்யாணம் எதுவாக இருந்தாலும் சரி, "ஹெரிடேஜ் வீடு", "காவிரிக் கரை பங்களா" என்று வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி முன்பணம் கேட்கிற ஆட்கள் கும்பகோணம், தஞ்சாவூர் பக்கம் இப்போது நிறையக் கிளம்பியிருக்கிறார்கள். அதில் ஒருவரால் போன வைகாசியில் எங்கள் கடைக்கு ஒரு லட்சத்துக்கு மேல் போனது. ஆள் பெயரைப் போடவில்லை, விஷயம் வக்கீலிடம் இருக்கிறது.

நாங்கள் பம்புசெட் வியாபாரம், கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றுக்கு இந்தப் பக்கத்து விநியோகஸ்தர். ஜூன் 12 மேட்டூர் அணை திறக்கிற தேதி என்றாலும் ஃபில்டர் பாயிண்ட் என்கிற ஆழமில்லாத குழாய்க் கிணறு போட்டிருக்கிறவர்கள் அதற்கு முன்னாலேயே குறுவை நெல்லுக்கு நாற்றுவிட ஆரம்பித்துவிடுவார்கள், அதனால் புது மாடல் ஏதாவது வந்தால் மே மாதத்துக்குள் டீலர்களைக் கூட்டிக் காட்டியாக வேண்டும். வழக்கமாக பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜ் ஹால், மதியம் சாப்பாடு, ஆளுக்கு ஒரு பை, அவ்வளவுதான். இந்தத் தடவை கம்பெனி ஆட்கள், எல்லா ஊரிலும் ஒரே மாதிரி ஹாலில் உட்கார்ந்து அலுத்துவிட்டது, உங்கள் ஊருக்கே உரிய இடமாகப் பாருங்கள், திண்ணையும் முற்றமும் இருக்கிற வீடாக இருந்தால் நன்றாக இருக்கும் என்றார்கள். நியாயமான ஆசைதான்.

விசாரித்ததில் இந்த ஆள் கிடைத்தார். ஆற்றங்கரைக்குப் பக்கத்தில் ஒரு அக்ரகாரத் தெரு, மூன்று கட்டு வீடு, தேக்குத் தூண், கூடத்துக்கு நடுவில் திறந்த முற்றம். நேரில் போய்ப் பார்த்தோம், உண்மையிலேயே அருமையான வீடு. 80 பேர் உட்காரலாம், ஏசி உண்டு, புரொஜெக்டர் உண்டு, ஜெனரேட்டர் உண்டு, வண்டி நிறுத்த இடம் உண்டு என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வாடகை 85,000, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 15,300, போக 20,000 டெபாசிட். எல்லாவற்றையும் முன்னாலேயே வாங்கிக்கொண்டார்.

அவர் வீட்டைக் காட்டுவது சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல்தான். பிற்பாடு விசாரித்தபோது வேறு இரண்டு பேரும் இதையே சொன்னார்கள். வெயில் இறங்கிய பிறகு தூணுக்குத் தூண் விளக்கைப் போட்டுக் காட்டினால் யாருக்குத்தான் பிடிக்காது. காலை பதினொரு மணிக்கு அதே முற்றத்தில் மேலேயிருந்து வெயில் நேராகக் கொட்டுகிறது, திரையில் கம்பெனி லோகோகூடத் தெரியவில்லை. தூண்களுக்குப் பின்னால் உட்கார்ந்தவர்கள் கழுத்தை ஒடித்துக்கொண்டு பார்த்தார்கள். ஏசி இருந்தது, பொய் இல்லை, ஆனால் பக்கத்து அறையில் ஒன்றே ஒன்று. நடுவில் வானம் தெரிகிற கூடத்துக்கு எத்தனை ஏசி வைத்தாலும் குளிராது என்பது அவருக்குத் தெரியாதா? அக்னி நட்சத்திர வெயிலில் அறுபது பேரும் பேப்பர் விசிறியால் விசிறிக்கொண்டிருந்தார்கள்.

இதையாவது சகித்துக்கொள்ளலாம். பெரிய கூத்து காலை எட்டு மணிக்கே ஆரம்பித்துவிட்டது. நாங்கள் பேனரோடு போய் இறங்கினால் வாசலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். எங்களுக்காக இருக்கும், பரவாயில்லையே என்று உள்ளே போனால் இரண்டாம் கட்டில் ஒரு வளைகாப்பு! அன்றைக்கு முகூர்த்த நாள். காவல் இருக்கிற பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"சார், எனக்கு ஒண்ணும் தெரியாது சார். முன்கட்டு உங்களுக்கு, பின்கட்டு அவங்களுக்குன்னுதான் அண்ணன் சொன்னாரு."

அந்த அண்ணன் போனை எடுக்கவில்லை. வளைகாப்பு வீட்டுக்காரர்களிடமும் முழு வீடும் உங்களுக்கே என்று சொல்லித்தான் பணம் வாங்கியிருக்கிறார், அவர்கள் எங்களைவிடக் கோபமாக இருந்தார்கள். நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில் யார் யாரோடு சண்டை போடுவது. கம்பெனி மேனேஜர் புது மோட்டாரின் திறனைப் பற்றிப் பேச எழுந்தபோது பின்கட்டில் நாதஸ்வரம் ஆரம்பித்தது, அவர் சற்று நேரம் கத்திப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். சமையல்கட்டு அவர்கள் பக்கம் போய்விட்டதால் எங்கள் சாப்பாட்டுக்காரர் தெருவில் அடுப்பு வைக்க வேண்டியதாயிற்று, சோறு வர மதியம் இரண்டரை மணி ஆகிவிட்டது. அதற்குள் வளைகாப்பு வீட்டம்மா, "அண்ணா, உங்க ஆளுங்க பசியா இருப்பாங்க, சாப்பிடச் சொல்லுங்க" என்று புளியோதரையும் தேங்காய்ச் சாதமும் தூக்குத் தூக்காக அனுப்பினார். அன்றைக்கு உருப்படியாக நடந்தது அது ஒன்றுதான்.

மின்சாரம் தனிக்கதை. வீட்டு இணைப்பு, அதுவும் சிங்கிள் ஃபேஸ். புரொஜெக்டர், மைக் செட், காபி பாய்லர், அந்த ஒற்றை ஏசி, பின்கட்டில் அவர்களுடைய கிரைண்டர் எல்லாம் ஒன்றாக ஓடியதும் ஃபியூஸ் போய்விட்டது. ஜெனரேட்டர் எங்கே என்றால், அது தனி வாடகை, டீசல் தனி என்று பதில். புது மோட்டாரை ஓட்டிக் காட்டலாம் என்று கொண்டு வந்திருந்தோம், த்ரீ ஃபேஸ் இல்லாமல் அது பெட்டியை விட்டு வெளியே வரவே இல்லை.

இப்போதெல்லாம் யாராவது இப்படி இடம் கேட்டு வந்தால் நான் சொல்வது, அந்த வீட்டின் கடைசி மின்கட்டண ரசீதை வாங்கிப் பாருங்கள் என்றுதான். இணைப்பு யார் பெயரில் இருக்கிறது, வீட்டு இணைப்பா வணிக இணைப்பா, எவ்வளவு லோடு என்பது தெரிந்துவிடும். பெயர் வேறாக இருந்தால் அந்தப் பெயருக்குரியவரிடம் நேராகப் பேசுங்கள். எங்கள் விஷயத்தில் அது சென்னையில் மகனோடு இருக்கிற ஒரு மாமி. பக்கத்து வீட்டில் நம்பர் வாங்கிப் பேசினேன். போட்டோ எடுக்க வருவார்கள், நாள் வாடகை தருவார்கள் என்று சொல்லித்தான் சாவி வாங்கியிருக்கிறாராம் இந்த ஆள். "கம்பெனி மீட்டிங்னு எங்கிட்ட யாரும் சொல்லலையேப்பா, வளைகாப்பு வேறயா?" என்று அந்த அம்மா பதறிவிட்டார். ஜிஎஸ்டி பற்றிக் கேட்டதும், "என் வீட்டுக்கு எதுக்குப்பா ஜிஎஸ்டி?" என்றார்.

அந்த ஜிஎஸ்டிதான் அடுத்தது. பில்லில் எண் இருந்தது, 33 என்று ஆரம்பித்தது, அதாவது தமிழ்நாட்டு எண்தான். எங்கள் ஆடிட்டர் ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் பதிவு ரத்து என்று வருகிறது. பதிவு இல்லாதவர் வரி என்று ஒரு ரூபாய்கூட வசூலிக்கக் கூடாது. எங்களுக்கு அந்த 15,300க்கு உள்ளீட்டு வரி வரவும் (நாங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்வது) கிடையாது, சுத்தமாகக் கைநஷ்டம். யார் வேண்டுமானாலும் அந்தத் தளத்தில் எண்ணை அடித்துப் பார்க்கலாம், காசு கிடையாது, ஒரு நிமிஷ வேலை.

டெபாசிட்டும் திரும்பவில்லை. தூணில் கீறல் என்றார். அந்தக் கீறல் எங்கள் மார்க்கெட்டிங் பையன் முதல் நாள் எடுத்த வீடியோவிலேயே இருக்கிறது, அனுப்பினோம், நீல டிக் விழுந்ததோடு சரி.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று பார்த்தால் வக்கீல் ஒரு சிக்கலைச் சொன்னார். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், வணிக நோக்கத்துக்காகச் சேவை பெற்றவர் நுகர்வோர் கணக்கில் வரமாட்டார். டீலர் மீட்டிங் என்றால் எதிர்த்தரப்பு முதலில் எழுப்பப்போகிற கேள்வியே அதுதான். அதனால் பதிவுத் தபாலில் வக்கீல் நோட்டீஸ், அதற்குப் பிறகு சிவில் வழக்கு என்று எங்கள் வழி நீளம். வளைகாப்புக் குடும்பத்துக்கு இந்தத் தடை கிடையாது, கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமே இல்லாமல் மாவட்ட ஆணையத்தில் போடலாம், இரண்டு வருஷம் அவகாசமும் உண்டு. அவர்களிடம் சொல்லியிருக்கிறோம், எங்கள் பில், வீடியோ எல்லாம் கொடுத்திருக்கிறோம். வீட்டு விசேஷத்துக்கு ஏமாந்தவர்கள் 1915க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, அடித்து ஆரம்பிக்கலாம்.

இன்னொன்று. இந்த ஆளின் விளம்பரத்தில் தாராசுரம் கோயில் படத்தைப் போட்டு "சோழர் காலச் சூழலில் இரவு விருந்து" என்று இருக்கிறது. அது தொல்லியல் துறையின் கையில் இருக்கிற, யுனெஸ்கோ பட்டியலில் உள்ள கோயில், அங்கே தனியார் விருந்து போட இவர் யார்? தஞ்சாவூர் பெரிய கோயில் வளாகத்தில் 2018 டிசம்பரில் நடக்கவிருந்த வாழும் கலை அமைப்பின் தியான நிகழ்ச்சிக்கே உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை போட்டு, கடைசியில் அதைக் கல்யாண மண்டபத்துக்கு மாற்ற வேண்டி வந்தது நினைவிருக்கும். அவ்வளவு பெரிய அமைப்புக்கே அந்தக் கதி. 2028 மகாமகம் நெருங்க நெருங்க இந்த மாதிரி விளம்பரங்கள் இன்னும் பெருகும் பாருங்கள்.

பழைய வீடுகளை நான் குறை சொல்லவில்லை. முறையாக உரிமம் வாங்கி, பழைய வீட்டைத் தங்கும் விடுதியாக நடத்துகிறவர்கள் இந்தப் பக்கம் இருக்கிறார்கள். முப்பது பேருக்குள், திரை இல்லாமல், சாயங்காலம் உட்கார்ந்து பேசுகிற கூட்டம் என்றால் முற்றத்து வீட்டை அடிக்க முடியாது. அறுபது பேர், புரொஜெக்டர், மெஷின் டெமோ என்றால் லாட்ஜ் ஹால்தான்.

ஆவணி முகூர்த்தங்களுக்கு இதே வீட்டை இவர் மறுபடியும் விற்றுக்கொண்டிருப்பதாகக் காவல் பையன் சொன்னான். மூன்று கட்டு, ஆற்றங்கரை, வாசலில் பச்சைக் கம்பிக் கிராதி போட்ட திண்ணை என்று படம் பார்த்து யாராவது பணம் கட்டியிருந்தால் எனக்குத் தகவல் அனுப்புங்கள், மாமியின் மகன் தன் நம்பரைக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்.